யாரிடமிருந்து ரகசியம்?

அந்தப் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி. அதற்கும் மேலே சின்னதாக ஒரு அறையின் கூரை. கூரைமேல் ஒரு ஹெலிகாப்டர். ஏணிப்படியில் மனிதர்கள் வரிசையாக ஏறுகிறார்கள். மேலே நிற்கும் ஒருவர் குனிந்து கை நீட்டுகிறார். 1975 ஏப்ரல் 29, சைகோன். எடுத்தவர் யுபிஐ செய்தி நிறுவனத்தின் ஹியூபர்ட் வான் எஸ்.

‘அமெரிக்கத் தூதரகத்தின் கூரையிலிருந்து கிளம்பும் கடைசி ராணுவ ஹெலிகாப்டர்.’ பல வருடம் நானும் அப்படித்தான் நம்பினேன். கல்லூரியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியபோது இந்தப் படத்தை வெட்டி ஒட்டி, கீழே இதே வரியை என் கையாலேயே எழுதினேன். ஒரு வரியில் மூன்று தவறு. அது தூதரகம் இல்லை. கியா லாங் தெருவில் சிஐஏ ஆட்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடம். அது கடைசி ஹெலிகாப்டரும் இல்லை. மறுநாள் காலைவரை தூதரகத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் போய்க்கொண்டிருந்தன. முக்கியமாக, அது ராணுவத்துடையது இல்லை. ஏர் அமெரிக்கா என்ற ‘தனியார்’ கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியின் முதலாளி சிஐஏ.

வான் எஸ் படக்குறிப்பைச் சரியாகத்தான் எழுதி அனுப்பினார். பத்திரிகை அலுவலகங்களில் அது தூதரகமாக மாறிவிட்டது. அவரும் திருத்திப் பார்த்துச் சலித்துப்போனார். ஒரு போரின் முடிவுக்கே அடையாளமாகிவிட்ட படம். அதில் இருக்கும் வண்டி யாருடையது என்று பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ரகசியப் போர் என்பது இப்படித்தான், கண் முன்னால் இருந்தபடியே ஒளிந்துகொள்ளும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு டீக்கடைப் பேச்சு. ஒரு போர்ப்படம் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். கூட வந்த தம்பி, நன்றாக வாசிக்கிறவன், கவிதை எழுதுகிறவன், கண்கள் பளபளக்கச் சொன்னான்: “அண்ணே, வெளிய சொல்லவே முடியாத வீரம் இருக்கு பாருங்க, அதான்ணே உண்மையான வீரம். பேர் வேணாம், மெடல் வேணாம், செத்தா ஏன் செத்தான்னு பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. அதுக்கு மேல என்ன இருக்கு?” இன்னொரு நண்பர், தீவிரப் போர் எதிர்ப்பாளர், டீயை வைத்துவிட்டுப் பாய்ந்தார்: “கூலிக்கு அடுத்தவன் நாட்டுல போய் நிக்கிறவன்கிட்ட என்னடா வீரம்? கொலைகாரப் பயலுக.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது. தம்பிமேல் கொஞ்சம் அதிகமாகவே. அவனுக்குத்தான் இந்தப் பதில்.

*

முதலில் நண்பருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வீரம் இருந்தது. மறுக்கவே முடியாத அளவுக்கு இருந்தது.

ஹெலிகாப்டர் போர் என்றதும் நம் மனதில் ஓடுவது ‘அபோகலிப்ஸ் நௌ’ படக் காட்சி. வாக்னரின் இசை, கடலிலிருந்து வரிசையாக எழும் ஹெலிகாப்டர்கள், கீழே தீப்பற்றும் கிராமம். அந்தப் படத்துக்கு ஹெலிகாப்டர் கொடுத்தது பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் அரசு. படப்பிடிப்பின் நடுவிலேயே அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு தன் சொந்த நாட்டுக் கிளர்ச்சியாளர்களைத் தாக்க அனுப்பியது. அந்தக் காட்சியைப் பார்த்து வீரத்தைக் கற்றுக்கொண்டவர்கள் இதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

லாவோஸ் காடுகளுக்குள் போன விமானிகளின் வீரம் வேறு மாதிரி. அது பாய்கிற வீரமே இல்லை. அசையாமல் நிற்கிற வீரம்.

ஹெலிகாப்டரை அந்தரத்தில் ஓரிடத்தில் நிறுத்துவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். இடது கையில் ஏற்ற இறக்கத்துக்கான நெம்புகோல். வலது கையில் முன்னே பின்னே, பக்கவாட்டில் சாய்ப்பதற்கான கோல். இரண்டு கால்களும் வால் விசிறியைக் கட்டுப்படுத்தும் மிதிகளில். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் உடனே சரிசெய்ய வேண்டும். நான்கு அங்கமும் வேலையில் இருக்கிறது. சுடுகிறார்கள் என்று குனிய முடியாது. திருப்பிச் சுட முடியாது. கண்ணில் விழும் வியர்வையைத் துடைக்க முடியாது. கண்ணாடி உடைந்து முகத்தில் தெறித்தாலும் கை அங்கேயே இருக்க வேண்டும். வெக்கையான காற்றும் மலை உயரமும் சேர்ந்தால் விசிறிக்கு இழுவை குறையும். ஒரு ஆள் கூடுதலாக ஏறினாலும் வண்டி எழும்பாமல் போகலாம். காட்டில் இறங்க இடமில்லை என்றால் கயிறு விடுவார்கள். கயிற்றின் நுனியில் மனிதர்கள் தொங்க, மரங்களில் மோதாமல் நேராக மேலே தூக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அந்த வண்டி காட்டுக்குள் இருக்கும் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் ஒரே குறி.

1968 நவம்பர் 26. ஜேம்ஸ் ஃப்ளெமிங், அமெரிக்க விமானப்படை லெப்டினன்ட், 25 வயது. கம்போடிய எல்லைப் பக்கம் டுக் கோ அருகே ஆறு பேர் கொண்ட உளவுக்குழு ஒன்று ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டது. மீட்கப் போன ஹெலிகாப்டர்களில் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. ஃப்ளெமிங் இறங்கினார், முடியவில்லை, மேலே போனார். திரும்பவும் இறங்கினார். கரையில் வண்டி நிற்கவே இடமில்லை. தாங்குசட்டத்தை மட்டும் கரையில் ஊன்றி, வால் ஆற்றின்மேல் தொங்க, ஆறு பேரும் ஏறும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பிழைத்தார்கள்.

முதல் முறை இறங்கியதைக் கடமை என்று சொல்லலாம். கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தபிறகு இரண்டாம் முறை இறங்குவதற்கு என்ன பெயர்? கூலி என்று சொல்லும் நண்பரே, ஏர் அமெரிக்கா விமானிகளுக்கு நல்ல சம்பளம்தான். பணம் அவர்களை லாவோஸுக்கு வரவழைத்தது, சரி. சுடுகிற இடத்துக்கு மறுபடி இறங்க வைப்பது பணம் இல்லை. 1990இல் வந்த ‘ஏர் அமெரிக்கா’ படம், மெல் கிப்சன் நடித்தது, அவர்களைக் குடிகாரக் கோமாளிகளாகக் காட்டியது. கோமாளியாக்குவதும் மறைப்பதில் ஒரு வகைதான்.

இன்னும் சிலர் உண்டு. தென் வியட்நாம் விமானப்படையின் 219ஆவது அணி. ‘கிங் பீ’ என்பது அவர்களின் அழைப்புப்பெயர். அடையாளக் குறி எதுவும் இல்லாத பழைய எச்-34 ஹெலிகாப்டர்களில் அமெரிக்க உளவுக்குழுக்களை லாவோஸுக்குள் கொண்டுபோய் இறக்கியதும், குண்டுமழையில் தூக்கி வந்ததும் பல சமயம் இவர்கள்தான். எச்-34இல் விமானி இன்ஜினுக்கு மேலே உயரத்தில் உட்கார்ந்திருப்பார். கீழே அறைக்குள் யார் ஏறிவிட்டார்கள், யார் பாக்கி என்று அவரால் நேராகப் பார்க்க முடியாது. கதவருகே நிற்பவரின் குரலை நம்பித்தான் நிற்க வேண்டும். உயிர் பிழைத்த அமெரிக்கர்கள் தங்கள் நினைவுகளில் இந்த விமானிகளைத் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள். எப்படி அழைத்தார்கள் தெரியுமா? ஒருவர் ‘கௌபாய்’. இன்னொருவர் மீசை வைத்திருந்ததால் ‘மஸ்டாச்சியோ’. தெய்வத்துக்குக்கூடப் பட்டப்பெயர்தான்.

*

இனி தம்பிக்கு.

“வெளிய சொல்ல முடியாத வீரம்” என்கிறாயே, யாரிடம் சொல்ல முடியாத வீரம்? எதிரியிடமா?

ஹோ சி மின் பாதையில் லாரி ஓட்டிய வட வியட்நாம் வீரனுக்குத் தலைக்குமேல் ஹெலிகாப்டர் வருவது தெரியாதா? அவன்தான் சுடுகிறான். சுட்டு வீழ்த்தியதைப் போய்ப் பார்க்கிறான். லாவோஸ் கிராமத்துக் கிழவிக்குத் தெரியாதா? அவள் குகைக்குள் பதுங்கியிருக்கிறாள். மாஸ்கோவுக்குத் தெரியும், பீகிங்குக்குத் தெரியும், ஹனாய்க்குத் தெரியும். தெரியாமல் இருந்தது அமெரிக்காவின் சாதாரண மக்களுக்கு. அயோவாவில் மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு ரேடியோ கேட்ட அம்மாவுக்கு. அந்த ஹெலிகாப்டருக்குப் பெட்ரோல் போட்டது அவளுடைய வரிப்பணம்.

லாவோஸ் நடுநிலை நாடு என்று 1962 ஜூலையில் ஜெனீவாவில் பதினான்கு நாடுகள் கையெழுத்துப் போட்டன. அமெரிக்காவும் போட்டது, வட வியட்நாமும் போட்டது. இரண்டுமே அதை மீறின. வட வியட்நாம் ஆயிரக்கணக்கான துருப்புகளை அங்கேயே வைத்துக்கொண்டு யாரும் இல்லை என்றது. அமெரிக்கா தன் பங்குக்கு ஏர் அமெரிக்காவை அனுப்பியது; மலைகளில் வாழும் மாங் இனத்தவரைக் கொண்டு வாங் பாவ் தலைமையில் ஒரு ரகசியப் படையைக் கட்டியது. வியட்நாமிலிருந்து எல்லை தாண்டிப் போகும் உளவுக்குழுக்களுக்கு 1964இல் ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பெயர் ‘ஆய்வு மற்றும் அவதானிப்புக் குழு’. ஏதோ பல்கலைக்கழகத்தில் பூச்சி ஆராய்ச்சி செய்யும் துறை என்று நினைத்துக்கொள்ளலாம். போகிறவர்கள் சட்டையில் பெயர் இருக்காது, கழுத்தில் அடையாளத் தகடு இருக்காது. செத்தால் ‘எங்கள் ஆள் இல்லை’ என்று சொல்ல வசதி.

இப்போது ஒரு மலையைக் காட்டுகிறேன். ஃபூ ஃபா தி. வட கிழக்கு லாவோஸ், கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரம். அதன் உச்சியில் வட வியட்நாமைக் குண்டுவீசும் விமானங்களுக்கு வழிகாட்டும் ரேடார் ஒன்றை அமெரிக்கா வைத்திருந்தது. பெயர் லீமா சைட் 85. அதை இயக்கிய விமானப்படைக்காரர்கள் காகிதத்தில் ராணுவத்திலிருந்து விலகி, லாக்ஹீட் நிறுவன ஊழியர்களாக மாறியிருந்தார்கள். 1968 ஜனவரி 12இல் வட வியட்நாமின் பழைய ஏஎன்-2 விமானங்கள் மலையைத் தாக்கின. இரண்டு அடுக்கு இறக்கை கொண்டவை அவை. அங்கிருந்த ஏர் அமெரிக்கா ஹெலிகாப்டரின் விமானி டெட் மூர் அவற்றைத் துரத்தினார். கூட இருந்த மெக்கானிக் கிளென் வுட்ஸ் திறந்த கதவிலிருந்து ஏகே-47ஆல் சுட, ஒரு விமானம் கீழே விழுந்தது. ஒரு ஹெலிகாப்டர் விமானத்தைத் துரத்திச் சுட்டு வீழ்த்திய கதை. எந்த நாட்டு ராணுவமாக இருந்தாலும் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். இவர்களோ ‘தனியார் கம்பெனி’ ஊழியர்கள். எங்கே போய்ச் சொல்வது?

இரண்டே மாதம். மார்ச் 10 இரவு மலை தாக்கப்பட்டது. செங்குத்தான பாறையில் ஏறிவந்தார்கள் வட வியட்நாம் வீரர்கள். (அந்தத் துணிவையும் கணக்கில் வை தம்பி, அவர்களுக்கும் உயிர் ஒன்றுதான்.) மலையில் இருந்த 19 அமெரிக்கர்களில் 12 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். விடிந்ததும் ஏர் அமெரிக்கா ஹெலிகாப்டர் பாறை விளிம்புக்கு மேலே வந்து அந்தரத்தில் நின்றது. ரிச்சர்ட் எட்ச்பெர்கர் என்ற விமானப்படைக்காரர் இரவெல்லாம் சுட்டுத் தாக்குப்பிடித்தவர். காயம்பட்ட தோழர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். ஹெலிகாப்டர் கிளம்பும்போது கீழிருந்து வந்த குண்டு தளத்தைத் துளைத்து அவரைக் கொன்றது.

அவருக்கு ஒரு பதக்கம் ரகசியமாகக் கொடுக்கப்பட்டது. மனைவிக்கு விஷயம் தெரியும், வாயைத் திறக்கக் கூடாது. அப்பா எப்படிச் செத்தார் என்ற உண்மை தெரியாமலேயே மகன்கள் வளர்ந்தார்கள். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவருக்கு வந்தது 2010 செப்டம்பரில். 42 வருடம் கழித்து.

இந்த இடத்தில்தான் உன் கண் பளபளக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறு. இடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1970 மார்ச் 6, அதிபர் நிக்சன் லாவோஸ் பற்றி ஓர் அறிக்கை விட்டார். லாவோஸில் நிலைகொண்டிருக்கும் அமெரிக்கர் ஒருவர்கூடத் தரைப்போரில் கொல்லப்படவில்லை என்று அதில் சொன்னார். ஃபூ ஃபா தி மலையில் பன்னிரண்டு பேர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சில நாட்களிலேயே, 1969இல் லாவோஸில் கொல்லப்பட்ட ஜோசப் புஷ் என்ற ராணுவ கேப்டனின் பெயர் பத்திரிகையில் வந்து வெள்ளை மாளிகை மென்று விழுங்க வேண்டியிருந்தது. மலைமேல் செத்தவர்கள் பெயர் அப்போதும் வரவில்லை. அவர்கள்தான் காகிதத்தில் லாக்ஹீட் ஊழியர்கள் ஆயிற்றே.

அதே வருடம் மே மாதம், அதே நிக்சன் கையால் ஜேம்ஸ் ஃப்ளெமிங் பதக்கம் வாங்கினார். பதக்கப் பத்திரத்தில் ஆற்றங்கரை இருக்கிறது, ஆறு பேர் இருக்கிறார்கள், துணிவு இருக்கிறது. அந்த ஆறு பேரை அனுப்பிய அமைப்பின் பெயர் இல்லை. ஒரு வீரனுக்குப் பதக்கம் குத்திய கைக்கும், இன்னொருவனின் சாவே நடக்கவில்லை என்று அறிக்கை விட்ட கைக்கும் நடுவில் இரண்டே மாதம்.

பெயர் வேண்டாம், மெடல் வேண்டாம் என்று அவர்களா சொன்னார்கள்? சொல்ல வைத்தார்கள். ஏர் அமெரிக்காவின் முதலாளி யார் என்று ஊருக்கே தெரிந்தபிறகும், ஓய்வூதியம் கேட்டு வந்த முன்னாள் ஊழியர்களிடம் ‘நீங்கள் அரசு ஊழியர்கள் இல்லையே’ என்று பல பத்தாண்டு சொன்னது அரசு. சாகும்போது தேசத்துக்காக, பென்ஷன் கேட்கும்போது தனியார் கம்பெனி. இதுதான் நீ கவிதை எழுத நினைக்கும் அந்தப் பெயரில்லாத தியாகத்தின் அலுவலக முகம். கிங் பீ விமானிகளின் கதி இதைவிட மோசம். 1975இல் சைகோன் விழுந்தபோது தப்பியவர்கள் தப்பினார்கள். தென் வியட்நாம் ராணுவ அதிகாரிகள் ‘மறுகல்வி முகாம்’ என்ற பெயரில் வருடக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள்.

*

இதுவரை பேசியது மேலே இருந்தவர்களைப் பற்றி. ரகசியத்தின் பெரிய கடனைக் கட்டியவர்கள் கீழே இருந்தார்கள்.

ஃப்ளெமிங்கும் கிங் பீக்களும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய உளவுக்குழுக்களின் வேலை என்ன? பாதையில் எத்தனை லாரி போகிறது, எங்கே முகாம் என்று பார்த்துச் சொல்வது. சொன்னால் விமானங்கள் வரும். ஃபூ ஃபா தி ரேடார் எதற்கு? இரவிலும் மேகத்திலும் குண்டு சரியாக விழுவதற்கு. 1964 முதல் 1973 வரை லாவோஸ்மேல் சுமார் 5,80,000 முறை விமானங்கள் பறந்தன. இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு. ஒன்பது வருடம், இரவும் பகலும், சராசரியாக எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை. நீ இந்தக் கட்டுரையை வாசித்து முடிப்பதற்குள் ஒன்றோ இரண்டோ விழுந்திருக்கும். கொத்துக்குண்டுகளின் சிறுகுண்டுகள் மட்டும் 27 கோடி என்கிறது கணக்கு. அதில் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்தவை பல கோடி. பந்து என்று நினைத்து எடுக்கிற பிள்ளைகளும், மண்வெட்டி போடுகிற விவசாயிகளும் போர் முடிந்தபிறகும் செத்தார்கள். கொல்லப்பட்டோரும் காயம்பட்டோருமாக 20,000 பேருக்கு மேல்.

ஜாடிகளின் சமவெளியிலிருந்து ஓடிவந்த அகதிகளை ஃபிரெட் பிரான்ஃப்மன் என்ற இளைஞர் சந்தித்தார். அவர் உதவி வேலைக்காக லாவோஸ் வந்த அமெரிக்கர். அவர்கள் எழுதியதையும் வரைந்ததையும் சேர்த்து 1972இல் புத்தகமாக்கினார். தன் நாடு ஒரு போர் நடத்துகிறது என்பதை அவர் தெரிந்துகொண்டது அரசிடமிருந்து இல்லை, குண்டு வாங்கியவர்களிடமிருந்து. ஓர் அமெரிக்க அதிபர் லாவோஸ் மண்ணில் கால் வைத்து இதை ரகசியப் போர் என்று வாய்விட்டுச் சொன்னது 2016இல், ஒபாமா. வெடிக்காத குண்டுகளை அகற்ற மூன்று வருடத்துக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். ஒன்பது வருடம் விழுந்த குண்டுக்கு, கடைசிக் குண்டு விழுந்து 43 வருடம் கழித்து.

நான் சொல்ல வருவது இதுதான். இவ்வளவு குண்டையும் வெளிச்சத்தில் போட முடிந்திருக்குமா? ஒவ்வொரு வருடமும் செனட்டில் எழுந்து நின்று, இன்ன நாட்டின்மேல் இத்தனை டன் போட்டோம், இத்தனை கிராமம் இல்லாமல் போனது, எங்கள் ஆட்கள் இத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்திருக்க முடியுமா? தொடர முடிந்ததற்குக் காரணம் பேசாமல் இருந்தது. பேசாமல் இருக்க முடிந்ததற்கு ஒரு காரணம், வாயைத் திறக்காமல் இறங்கி ஏறிய விமானிகளின் துணிவு. அவர்கள் காட்டில் ஆறு பேரைக் காப்பாற்றினார்கள். அந்த மௌனம் வாஷிங்டனில் ஒரு பொய்யைக் காப்பாற்றியது. முதலாவதற்கு நான் தலைவணங்குகிறேன். இரண்டாவதற்கும் சேர்த்துத் தலைவணங்கச் சொல்கிறது ‘வெளியே சொல்ல முடியாத வீரம்தான் உயர்ந்தது’ என்ற உன் வாக்கியம். அதற்கு நான் ஆள் இல்லை.

*

“அப்ப ராணுவத்துல ரகசியமே கூடாதா? எங்க இறங்கப் போறோம்னு போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டா போவாங்க?” என்று கேட்பாய். நியாயமான கேள்வி. அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது.

2022 மார்ச், ஏப்ரல். உக்ரைனின் மரியுபோல் நகரம் ரஷ்யப் படைகளால் முழுக்கச் சூழப்பட்டிருந்தது. அஸோவ்ஸ்டல் உருக்காலைக்குள் சில ஆயிரம் பேர் மாட்டியிருந்தார்கள். காயம்பட்டவர்களுக்கு மருந்து இல்லை. எதிரியின் கட்டுப்பாட்டில் இருந்த நிலத்தின் மேல் நூறு கிலோமீட்டருக்கு மேல், மரத்தை உரசுகிற உயரத்தில், எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் போயின. மருந்தும் ஆயுதமும் ஆட்களும் உள்ளே, காயம்பட்டவர்கள் வெளியே. சில ஹெலிகாப்டர்கள் திரும்பவில்லை. முதல் பறப்புக்குப் பிறகு எதிரி உஷாராகிவிட்டான் என்று தெரிந்தும் திரும்பத் திரும்பப் போனார்கள். ஃப்ளெமிங்கின் இரண்டாம் இறக்கம்தான் இதுவும்.

அதுவும் ரகசியம்தான். ஆனால் யாரிடமிருந்து? சுடக் காத்திருந்தவனிடமிருந்து. எதுவரை? ஆலை விழுந்து, மறைப்பதால் காப்பாற்ற இனி உயிர் இல்லை என்று ஆகும்வரை. 2022 மே மாதம் ஜெலன்ஸ்கி தானே வெளிப்படையாகச் சொன்னார், நிறைய விமானிகளை இழந்தோம் என்றும் சொன்னார். உக்ரைன் அரசு எதையுமே மறைக்காத அரசு என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. எந்த அரசுக்கும் அதைக் கொடுக்க மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் ரகசியம் விமானியின் உயிரைக் காப்பதற்காக இருந்தது. லாவோஸில் அது விமானியை அனுப்பியவர்களின் நாற்காலியைக் காப்பதற்காக இருந்தது.

ஆகவே ரகசியப் பறப்பு என்று எங்கே கேள்விப்பட்டாலும் நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். யாரிடமிருந்து மறைத்தார்கள்? எப்போது சொன்னார்கள்? விமானியின் துணிவை அளக்க இந்தக் கேள்விகள் இல்லை; அது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்தத் துணிவைக் காட்டி நம்மிடம் எதை விற்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள.

*

தூரத்து நாட்டுக் கதையாகவே முடித்துவிட்டால் நான் தப்பித்துக்கொண்டதாக ஆகும். நம் பக்கத்திலேயே ஓர் இரவு இருக்கிறது.

1987 அக்டோபர் 11 நள்ளிரவு. புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்காக இந்திய விமானப்படையின் எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ரகசியமாகத் துருப்புகளை இறக்கின. ரகசியம் ஏற்கெனவே போயிருந்தது. வானொலிப் பேச்சைப் புலிகள் ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள். இருட்டில், குண்டுகளுக்கு நடுவே விமானிகள் இறக்கினார்கள், மறுபடியும் வந்து இறக்கினார்கள். ஹெலிகாப்டர்கள் பலமாகச் சேதமான பிறகே நிறுத்தப்பட்டது. அதற்குள் இறங்கிவிட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் முப்பது பேர் தனித்து விடப்பட்டார்கள். 29 பேர் செத்தார்கள், ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். அடுத்த சில நாட்களில் யாழ்ப்பாணம் என்ன ஆனது என்பதும் அதே கதையின் பகுதி. தீபாவளி நாள், அக்டோபர் 21, மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள்.

அந்த ஊரில் சிறுவனாக இருந்த நண்பர் ஒருவர் சென்னையில் என்னோடு நடந்துகொண்டிருந்தபோது மேலே ஒரு ஹெலிகாப்டர் போனது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சுவர் ஓரம் ஒதுங்கினார். பிறகு சிரித்தார். “ஹெலிச் சத்தம் கேட்டா நீங்கள் வானத்தைப் பாக்கிறியள். எனக்கு இப்பவும் கண் பங்கர் தேடுது.”

அந்த இரவைப் பற்றி வடக்கே எழுதப்படுபவற்றில் பெரும்பாலும் விமானிகளின் துணிவு இருக்கிறது, மருத்துவமனை இல்லை. நம் பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறது, இருட்டில் திரும்ப வந்து இறக்கிய விமானி இல்லை. 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி அணி சென்னை வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. அதே சமயம், இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத முப்பது வருடத்துக்கு மேலாக நமக்கு ஏன் கை வரவில்லை என்றும் கேட்கிறேன். எழுதினால் ஒன்று மற்றதைக் கழுவிவிடும் என்று பயப்படுகிறோம். கழுவாது. 29 பேரின் சாவு மருத்துவமனையை நியாயப்படுத்தாது. மருத்துவமனை அந்த விமானியின் கையை நடுங்கியதாக மாற்றிவிடாது. அனுப்பியவர்கள் மட்டும்தான் இந்த இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று விரும்புவார்கள்.

தம்பி, நீ எழுதுகிறவன். அடுத்த முறை இப்படி ஒரு விமானியைப் பற்றி எழுதினால் அவனைப் பெயரில்லாதவனாக எழுதாதே. பெயர் என்ன, எந்த வருடம், எந்த மலை, யார் அனுப்பினார்கள், அவன் வண்டிக்குக் கீழே யார் இருந்தார்கள், யார் எத்தனை வருடம் வாய் மூடச் சொன்னார்கள் என்று தேடி எழுது. கவிதை கொஞ்சம் கனமாகும், பரவாயில்லை.

என் கையெழுத்துப் பத்திரிகையின் அந்த இதழ் இன்னும் பரணில் இருக்கிறது. போன வாரம் எடுத்து, படத்துக்குக் கீழே இருந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: கியா லாங் தெரு, சைகோன். ஏர் அமெரிக்கா. உரிமையாளர்: சிஐஏ.